ஓட்டு இல்லாதவரின் தேர்தல்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, சில்லறையைச் சரிபார்ப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். இங்கே மில் சங்கு, அங்கே ஆண்டாள் கோவில் கோபுரம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு ஊருக்கும் சகஜம். அப்படிச் சொந்தமான ஒரு மச்சான், ஒரு மாப்பிள்ளை. அவர்களுக்கு நடுவில் கையில் ப்ரஷ்ஷோடு நின்ற இன்னொருவர். 2009 மக்களவைத் தேர்தல் சமயத்தில் இந்த மூன்று பேருக்கும் நடந்ததுதான் இங்கே விஷயம்.

மூத்தவர் ராஜபாளையத்தில் நூற்பு மில் தொழிலாளி. கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத்து ஆள். ஷிப்ட் முடிந்தால் பேப்பர், பேப்பர் முடிந்தால் அரசியல். அவருடைய மனைவியின் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் டீக்கடை வைத்திருந்தார். பரம்பரை தி.மு.க. இருவரும் பார்த்துக்கொண்டால் முதல் பத்து நிமிஷம் குடும்ப விசாரணை, மீதி நேரமெல்லாம் சண்டை.

மூன்றாவது ஆள் பெயிண்டர். விருதுநகர் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் அகதி முகாம்கள் பல உண்டு. அதில் ஒன்றில் இருந்தவர். 1990இல் சிறுவனாகப் படகில் வந்து இறங்கியவர். அந்த ஏப்ரல் மாதம் டீக்கடைக்காரரின் மகளுக்குக் காதுகுத்து. அதற்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்திருந்தார். சாயங்காலம் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். கணக்கெடுக்க அதிகாரி வரும் நாளில் ஆள் அங்கே இல்லையென்றால் உதவித்தொகை போய்விடும்.

அந்தத் தேர்தலின் பின்னணியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம்மில் பலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்போம், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையில் கடைசிக்கட்டப் போர் நடந்துகொண்டிருந்தது. டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி, அதில் தி.மு.க. பங்காளி. மாநிலத்திலும் தி.மு.க. ஆட்சி. 2008 அக்டோபர் 2ஆம் தேதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இலங்கைத் தமிழருக்காக உண்ணாவிரதம் இருந்தது. அக்டோபர் 14இல் முதல்வர் கருணாநிதி அனைத்துக்கட்சிக் கூட்டம் கூட்டினார். இரண்டு வாரத்தில் போர் நிறுத்தம் வராவிட்டால் தமிழக எம்.பி.க்கள் ராஜினாமா செய்வார்கள் என்று தீர்மானம். அக்டோபர் 24இல் சென்னையில் மழையில் நனைந்தபடி மனிதச் சங்கிலி. ஆனால் ராஜினாமா நடக்கவில்லை. போரும் நிற்கவில்லை.

2009 ஜனவரி 29ஆம் தேதி சென்னை சாஸ்திரி பவன் முன்பு முத்துக்குமார் தீக்குளித்து இறந்தார். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டது. மார்ச் மாதம் பா.ம.க. அணி மாறியது. அ.தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தன. எதிர்க்கட்சி மேடையில் இப்போது ஒரே பேச்சு, ஈழம்.

இங்கேதான் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கொரு சங்கடம். எல்லைச் சீரமைப்புக்குப் பிறகு வந்த முதல் மக்களவைத் தேர்தல் அது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி தனித்தொகுதியில் இருந்தன. அங்கே அ.தி.மு.க. கூட்டணி வேட்பாளர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி.லிங்கம். தி.மு.க. கூட்டணி வேட்பாளர் காங்கிரஸின் வெள்ளைப்பாண்டி. ஆக, டீக்கடைக்காரர் உதயசூரியனுக்குப் போட முடியாது. போரை நிறுத்தவில்லை என்று ஊரே திட்டும் கை சின்னத்துக்குத்தான் போட வேண்டும். மில்காரருக்குச் சொந்தக் கட்சி வேட்பாளரே கிடைத்தார். ஆனால் பக்கத்தில் நிற்பது யார்?

"மச்சான், 2002இல சட்டசபையில பிரபாகரனைப் பிடிச்சுட்டு வாங்கன்னு தீர்மானம் போட்டது யாரு? உங்க அம்மாதானே?" என்பார் சின்னவர். "இந்த ஜனவரியில, போர்னா பொதுமக்களும் சாகத்தான் செய்வாங்கங்கிற மாதிரி பேசுனதும் அவங்கதானே?"

"உங்க தலைவரு மட்டும் என்ன மாப்ள செஞ்சாரு? எம்.பி.ங்க ராஜினாமாக் கடுதாசிய வாங்கிப் பெட்டியில வச்சுக்கிட்டாரு. அது இன்னும் பெட்டியிலதான் இருக்கு."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை, அதுதான் அந்தத் தேர்தலின் விசேஷம். மார்ச் 9இல் ஜெயலலிதா இலங்கைத் தமிழருக்காக உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் கடைசியில் தனி ஈழம்தான் தீர்வு என்று பிரசாரத்தில் அறிவித்தார். அதே கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சி தனி ஈழத்தை ஏற்கவில்லை. வைகோவைப் பாருங்கள். 2002இல் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று பொடா சட்டத்தில் 19 மாதம் சிறையில் இருந்தார். உள்ளே வைத்தது ஜெயலலிதா அரசு. 2009இல் அதே ஜெயலலிதாவின் கூட்டணியில், திருமங்கலமும் அடங்கிய விருதுநகர் தொகுதியில் அவர் வேட்பாளர்.

ஏப்ரல் 27 காலையில் கருணாநிதி சென்னை அண்ணா நினைவிடத்தில் திடீரென்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று இலங்கை அறிவித்ததாகச் செய்தி வந்ததும் மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். டீக்கடைக்காரருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா மச்சான், நிப்பாட்டிட்டாருல்ல!" என்று ராஜபாளையத்துக்குப் போன் போட்டார். அன்றைக்குக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ இலவசம்.

பெயிண்டர் டீயைக் குடித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, கரண்ட் எப்ப வரும்?"

அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் மின்வெட்டு தினசரி உண்டு. அவருக்கு டிவி செய்தி பார்க்க வேண்டும். அக்கா குடும்பம் வன்னிக்குள் மாட்டியிருந்தது. ஜனவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அடுத்த சில நாட்களிலேயே, குண்டு விழுவது நிற்கவில்லை என்று செய்திகள் வந்தன. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார் முதல்வர். டீக்கடைக்காரர் அதைப் பேப்பரில் படித்தபோது பெயிண்டர் ஜன்னலுக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தார். படித்ததை டீக்கடைக்காரர் சத்தமாகச் சொல்லவில்லை.

மே 13 தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. மச்சானும் மாப்பிள்ளையும் அவரவர் ஊரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். சின்னவர் கைக்குத்தான் போட்டார். விரல் மையைக் காட்டி வழக்கம்போலப் பெருமை பேசவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார். பெயிண்டருக்கு அன்று வேலை இல்லை. முகாமில் யாருக்கும் ஓட்டு இல்லை என்பதால் அங்கே அது ஒரு சாதாரண புதன்கிழமை.

மே 16 ஓட்டு எண்ணிக்கை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் தி.மு.க. கூட்டணிக்கு 27, அ.தி.மு.க. கூட்டணிக்கு 12. தென்காசியில் லிங்கம் ஜெயித்தார். பக்கத்து விருதுநகரில் வைகோ காங்கிரஸின் மாணிக்கம் தாகூரிடம் பதினைந்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். ஒரே மாவட்டத்தில், முதலில் குரல் கொடுத்த கட்சிக்கு ஒரு பக்கம் வெற்றி. வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்தவருக்கு மறு பக்கம் தோல்வி. அப்படியானால் ஜனங்கள் ஈழத்துக்கு ஓட்டுப் போட்டார்களா, இல்லையா?

பதில் சொல்ல முடியாது. ஓட்டு மெஷினில் ஒருவருக்கு ஒரு பொத்தான்தான். அந்த ஒரே அமுக்கில் விலைவாசி, மின்வெட்டு, இலவச டிவி, சாதி, கூட்டணிக் கணக்கு, ஈழம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். தென்காசியில் புதிய தமிழகம் கிருஷ்ணசாமி தனியாக நின்று லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். அது யாருடைய ஓட்டைப் பிரித்தது என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை நடக்கும்.

அன்று கடை டிவியில் நாள் முழுக்க முன்னணி நிலவரம். பெயிண்டர் பாக்கிக் கூலி வாங்க வந்திருந்தார். "அண்ணே, கொஞ்சம் வேற சேனல் வைக்கலாமா?" என்றார். டீக்கடைக்காரர் ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தொகுதி, வாக்கு வித்தியாசம், பட்டாசு. முள்ளிவாய்க்கால் அடியில் ஓடும் எழுத்தில் ஒரு வரியாக வந்து போனது. ரிமோட்டை வைத்துவிட்டு, கூலியை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இரண்டு நாள் கழித்து, மே 18இல் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், இந்தப் பெயிண்டரின் குடும்பம் ஓட்டை இழந்தது 1990இல் அல்ல. அவருடைய முன்னோர் இந்த ராமநாதபுரம் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகுதான் குடும்பம் மலையிலிருந்து வன்னிக்கு வந்தது. இப்படி வந்தவர்கள் ஏராளம்.

1947இல் இலங்கையில் தேர்தல் நடந்தபோது தோட்டத் தொழிலாளர்களுக்கு ஓட்டு இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. அடுத்த வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி ஓட்டையும் எடுத்துக்கொண்டார்கள். 1952 தேர்தலில் அவர்களுக்கு ஒரு இடம்கூட இல்லை.

அதே வருடங்களில் இந்த இரண்டு ஊர்களில் என்ன நடந்தது தெரியுமா? 1949இல் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வர் ஆனார். அவர் வீட்டில் தெலுங்கு பேசும் சமூகத்தைச் சேர்ந்தவர். தமிழ் நாட்டில் மொழிச் சிறுபான்மையினர் ஒருவர் ஆட்சியில் உட்கார்ந்த அதே வருடம், கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசும் தொழிலாளியின் ஓட்டு பறிபோனது. 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது. ஒரே வீட்டில் அண்ணன் ஊரிலேயே இருந்தார், தம்பி கப்பல் ஏறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் காமராஜருக்கு ஓட்டுப் போடுகிறார். தம்பிக்கு ஓட்டே இல்லை.

கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு வசூலிக்க முடியுமென்றால்தான் வாங்கியவருக்குப் பயம் இருக்கும். 2009இல் எதிர்க்கட்சிகளும் ஆளுங்கட்சியும் ஈழத்தின் பேரில் வாங்கிய ஓட்டு, வசூலிக்கவே முடியாத கடன். உரியவருக்கு அடுத்த தேர்தலில் வந்து கணக்குக் கேட்க ஓட்டு இல்லை. இதற்காக மேடையில் பேசியவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேட்கப்படாத கடன் மறந்துபோகும், அது மனித சுபாவம்.

முகாம்களின் பெயரை 2021இல் தமிழக அரசு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. நல்ல விஷயம். அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் உண்டு, இலங்கை இல்லை. 2024 ஏப்ரல் 19இல் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு பெண் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். 1986இல் மண்டபத்தில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்ற சட்டத்தைக் காட்டி, நீதிமன்றம் போய் வாங்கிய ஓட்டு அது. ஒரே ஒரு ஓட்டு!

மில்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். டீக்கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். மச்சானும் மாப்பிள்ளையும் பார்த்தால் இன்றும் சண்டைதான். ஆனால் 2009 பேச்சு வந்தால் மட்டும் இருவரும் ஜெயித்த கதையைச் சொல்வதில்லை. "அந்தப் பெயிண்டரோட அக்கா என்னாச்சு மாப்ள?" என்று ஒருமுறை பெரியவர் கேட்டார்.

"தெரியல மச்சான். நான் கேக்கவே இல்ல."

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கடல் தாண்டிய தமிழனைப் பற்றி நாம் எல்லோரும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கும் முகாமைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? அவர்களுக்காகக் கேட்க, ஓட்டு இருக்கிற நாம்தானே இருக்கிறோம்?