உள்ளே பாட்டு இல்லை

குடிக்கிற இடத்தில் ஆள் உட்கார்ந்து பாடுவது, வாசிப்பது எல்லாம் பெங்களூர் சமாச்சாரம், நம்ம பக்கம் அப்படி ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது என்று அக்கா மகன் அடித்துச் சொன்னான். எந்த பாரில் எந்த பேண்டு வாசிக்கிறது என்று பார்த்துச் சனிக்கிழமைக்கு இடம் பிடிக்கிறவன் அவன். திண்டுக்கல் பக்கம் செம்பட்டி பஸ் நிறுத்தத்தில் டீயைக் குடித்துக்கொண்டே அவன் இதைச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் அதே ஊரைப் பற்றி அம்மா சொல்லி நான் கேட்ட பேச்சு வேறு. “எங்க சின்னையா கள்ளுக்கடைப் பாட்டுக்காரரு. அவரு பாடுனா கடையே வெளிய வந்து நிக்கும்.”

அந்தச் சின்னையா எனக்குச் சின்னத் தாத்தா. அய்யம்பாளையத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர். நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோ கிடையாது. மேற்கொண்டு கேட்டால், “என்னத்தையாவது பாடுவாரு, விடு” என்று அம்மா முடித்துவிடுவார். கள்ளுக்கடையில் பாடிய சொந்தக்காரரைப் பற்றி அதற்கு மேல் பேச அவருக்குக் கூச்சம்.

எப்போது பாடினார் என்பதைக் கண்டுபிடிக்க மதுவிலக்குச் சட்டமே கை கொடுத்தது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. 1971 ஆகஸ்ட் கடைசியில் கருணாநிதி ஆட்சியில் அதைத் தளர்த்தினார்கள், கள்ளுக்கடைகள் திறந்தன. 1973 ஜூலை முடிவில் அவற்றை மூடினார்கள், அடுத்த ஆண்டு சாராயக் கடைகளையும். 1981 மே மாதம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இரண்டும் திரும்பத் திறந்தன. 1987 பிறந்ததும் திரும்ப மூடப்பட்டன. அம்மா பிறந்தது 1960. கல்யாணமாகி 1978இல் மதுரைக்குப் போய்விட்டார். ஆக, அம்மா காதால் கேட்ட பாட்டு 1971க்கும் 1973க்கும் நடுவில் பாடியதாகத்தான் இருக்க வேண்டும். முழுசாக இரண்டு வருசம்கூட ஓடாத ஒரு கடை.

முதலில் அச்சில் தேடினேன். முச்சந்தியில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆ.இரா.வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதியிருக்கிறார். அந்த வழியாகப் போனேன். குடியைப் பற்றி எனக்குச் சிக்கிய பாட்டுகள் எல்லாம் குடியைத் திட்டுகிற பாட்டுகள். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது முன்னால் நின்ற பெரியாரும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் வரலாற்றில் இருக்கிறார்கள். 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காகக் கைதான கோவனின் பெயர் வழக்குப் பதிவிலேயே இருக்கிறது. கடைக்கு எதிராகப் பாடியவர்களுக்கு அச்சும் உண்டு, வழக்கும் உண்டு. கடைப் பக்கம் நின்று பாடியவர்களுக்கு இரண்டும் இல்லை.

அச்சில் இல்லாததை ஆளிடம்தான் கேட்க வேண்டும். ஆத்தூர் போகும் பாதையில் தோப்பை ஒட்டி இருந்ததாம் அந்தக் கடை. அதில் கள் ஊற்றியவர் சித்தையன்கோட்டைப் பக்கம் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். ஞாபகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

தென்னங்கள் வருசம் பூராவும் இறங்கும், பனங்கள் கோடைக்கு மட்டும். காலையில் இறக்கியது இனிக்கும், பொழுது சாயச் சாயப் புளிப்பு ஏறும். மறுநாளைக்கு வைத்தால் விற்க முடியாது, அதனால் இருட்டுவதற்குள் கலயத்தைக் காலி செய்தாக வேண்டும். பனங்கள்ளைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பதுதான் முறை, கிளாஸில் குடித்தால் பாதி ருசி போச்சு. தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, அவிச்ச மொச்சை, ஆடு அறுத்த அன்றைக்கு ரத்தப் பொரியல். இப்படியே ஒரு மணி நேரம் போகும். பாட்டைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், கையை வீசி மறித்துவிடுவார்.

“கடைக்குள்ள பாட்டு கெடையாது தம்பி.”

“எங்க சின்னத் தாத்தா பாடுனதா அம்மா சொல்றாங்கய்யா. தேங்கா வண்டி ஓட்டுனவரு.”

“தெரியும். மயிலைக் காளை ஒண்ணு, செவலை ஒண்ணு பூட்டியிருப்பாரு. மயிலை முட்டும். ஆனா கடைக்குள்ள பாட்டு கெடையாது.”

அடுத்த முறை போனபோது காரணத்தையும் சொன்னார். கடையை ஏலம் எடுத்தவருக்குப் பாட்டு என்றாலே ஆகாதாம். ஒருத்தன் பாடுவான், எதிர்ப் பெஞ்சில் இருப்பவன் எசப்பாட்டு எடுப்பான், மூணாவது பாட்டில் ஒருத்தன் தங்கச்சி பேர் வரும், நாலாவது பாட்டில் பெஞ்சு உடையும். உடைந்த பெஞ்சும் கலயமும் ஏலக்காரர் கணக்கு. அதனால் உள்ளே சத்தமாகப் பேசினாலே ஆளை எழுப்பி அனுப்பிவிடுவார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவும் பொய் சொல்கிறவர் இல்லை. நானும் கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து பாடினாரா? கலயத்தைத் தட்டிக்கொண்டு பாடினாரா? திருவிழா அன்றைக்காவது பாடினாரா? எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். நான் எழுந்து வரும்போது, “மறுக்கா வாங்க” என்று அன்பாகவும் சொல்வார்.

பங்குனித் திருவிழாக்கள் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு ராத்திரி செம்பட்டிக்கு வெளியே ஒரு பாரில் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, எண்ணெய் குடித்த ஆம்லெட். மூன்று மேசையில் மூன்று போன், மூன்றிலும் வெவ்வேறு இளையராஜா. பத்து மணிக்கு டாஸ்மாக் கடை அடைத்துவிடும் என்பதால் ஒன்பதரைக்கெல்லாம் எல்லாருக்கும் ஒரு அவசரம் வந்துவிடுகிறது. மதுரை – பழனி ரோடும் திண்டுக்கல் – தேனி ரோடும் இங்கேதான் வெட்டிக்கொள்கின்றன, அதனால் எந்த ஊர்க் கொடைக்குப் போய்வரும் பறைச் செட்டும் இந்த முக்கில் நின்றுதான் போகும். அன்றைக்கும் ஒரு வேன் வந்து நின்றது. சரிகைத் துண்டைக்கூட இன்னும் அவிழ்க்காத ஆறேழு பேர் உள்ளே வந்தார்கள். கருவி ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

அவர்களில் சின்னப் பையன் ஒருத்தன் உட்கார்ந்ததும் மேசையைத் தட்ட ஆரம்பித்தான். வலது உள்ளங்கை அடிக்க, இடது கை விரல்கள் இடையில் புகுந்து ஓடின. பக்கத்து மேசைப் போன் தானாக நின்றது. பார்க்காரர் வந்து, “தம்பி, டேபிள்ல தட்டாதீங்க, கிளாஸ் விழுது” என்றார். பையன் சண்டைக்கு நிற்கவில்லை. எழுந்து வெளியே போனான், செட்டும் பின்னாலேயே போனது. வேன் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பையன் பழைய அட்டைப்பெட்டிகளைக் கொளுத்தி, அந்தத் தீயில் பறையின் தோலைக் காட்டினான். தீக்கு மேலே வட்டமாகச் சுற்றுவது, விரலால் சுண்டிக் காது கொடுப்பது, திரும்பவும் சுற்றுவது. மந்தமாக இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கணீரென்று ஆனதும் அடிகுச்சியையும் சுண்டுகுச்சியையும் எடுத்தான். உறுமி சேர்ந்தது. பாரில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்து நின்றார்கள். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் இறங்கி, என்னவோ ஒரு பாட்டை இழுத்துப் பாட ஆரம்பித்தார். உள்ளே பார்க்காரர் மட்டும்தான் மிச்சம்.

கடையே வெளியே வந்து நிற்கும் என்று அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையிலேயே சித்தையன்கோட்டைக்குப் போனேன். “ஐயா, கடைக்கு வெளிய பாட்டு இருந்துச்சா?”

சிரித்தார். “இப்பத்தான் ஒழுங்கா கேக்குறீங்க. உள்ளன்னு கேட்டீங்க, இல்லன்னேன். வெளியன்னு கேக்கவே இல்லையே.”

கடைக்குப் பின்னால் கீற்றுத் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் கருவாடு சுடுகிற அடுப்பு. சாவு வீட்டுக்கோ கோயிலுக்கோ அடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். பெஞ்சுக்கு அவர்கள் வரக் கூடாது. ஊற்றுவது தட்டிக்கு மேலாகத்தான். எப்படி என்று கேட்டேன். எழுந்து நின்று செய்து காட்டினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டார். வலது கையில் இல்லாத மொந்தையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிச் சரித்தார். கீழே இரண்டு கை சேர்ந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டிருக்க வேண்டிய இடத்தைக் கண்ணால் காட்டினார். மொந்தை சிரட்டையில் பட்டுவிடக் கூடாது. ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. ஐம்பது வருசம் கழித்தும் அந்தக் கை நடுங்கவில்லை. பட்டையில் குடித்தால்தான் ருசி என்று எனக்குப் பாடம் எடுத்தவர், சிரட்டையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுப்புத் தீயில் பறை காயும். காய்ந்ததும் ஒருத்தர் சும்மா இரண்டு தட்டுத் தட்டுவார். என் சின்னத் தாத்தா உள்ளே இருந்து எழுந்து தட்டியோரம் போய்க் குத்தவைத்துக்கொள்வார். “அவுக அடிச்சாத்தான் உங்க தாத்தாவுக்குப் பாட்டு வரும். அடி இல்லாம நான் கேட்டதில்ல.” ஏலக்காரருக்கும் ஆட்சேபணை இல்லை. வெளியே என்ன உடைந்தாலும் அவர் கணக்கில் வராது. கலயமும் சீக்கிரம் காலியாகிவிடும்.

“அடிச்சவரு பேரு என்னங்கய்யா?”

வெகுநேரம் யோசித்தார். மயிலை முட்டும் என்பது வரைக்கும் நினைவில் வைத்திருந்தவருக்கு அடித்தவர் பெயர் வரவில்லை. “காலனி ஆளு” என்றார்.

சின்னத் தாத்தா என்ன பாட்டுப் பாடினார் என்று தேடிக்கொண்டு வந்தவன் நான். அந்த நிமிசத்தில் அந்தக் கேள்வி எனக்குச் சுவைக்காமல் போய்விட்டது. தாளம் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் பாட்டுக்காரரை மட்டும் குடும்பப் பெருமையில் சேர்த்துக்கொள்வது எப்படி?

விசாரித்துக்கொண்டு காலனிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு வயதான அம்மா வாசலிலேயே உட்கார வைத்தார். ஆமாம், பறை அடித்தவர் இந்த அம்மாவின் மாமனார்தான். கடைப் பக்கம் அடித்ததும் உண்மைதான், சாவுக்கு அடித்தால் கூலியில் பாதி சரக்காகவே வந்துசேரும் என்பதும் உண்மைதான். பெயரைச் சொன்னார். நான் நோட்டை எடுத்ததும் குரல் மாறிவிட்டது.

“எழுதாதீங்க சார்.”

ஏன் என்று கேட்டேன். நாலு மாமாங்கம் ஆகிறது அந்த வேலையை விட்டு என்றார். அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்கு ஊரில் வேலை தராமல் கிடந்த நாட்களைச் சொன்னார். பேத்தி திண்டுக்கல்லில் நர்ஸிங் படிக்கிறாள், கொள்ளுத் தாத்தா பெயரைப் பார்த்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். அதே திண்டுக்கல்லில்தான் அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழுப் பெண்கள் முப்பது வருசத்துக்கு மேலாகப் பறையை மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்கிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “நல்லா இருக்கட்டும். அது அவுக எடுத்து அடிச்சது. எங்க மாமனாரு கையில குடுத்து அடிக்கச் சொன்னது” என்றார்.

இதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. சக்திக் குழுப் பெண்கள் செய்வதும் சரி, இந்த அம்மா கேட்டதும் சரி. இசைக்கு வரலாறு எழுதுகிறேன் என்று கிளம்புகிறவனுக்கு, அடுத்தவர் வீட்டுப் பெயரை அவர்கள் வேண்டாம் என்ற பிறகும் எடுத்துப்போட உரிமை கிடையாது.

அக்கா மகனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். செம்பட்டியில் குடிக்கிற இடத்தில் பாட்டு இருந்தது, நல்ல பாட்டாகத்தான் இருந்திருக்கும். வாசித்தவர்களுக்கு உள்ளே இடம் தராததால் அது கடைக்கு வெளியே இருந்தது. அதனால்தான் ‘இங்கே அப்படி ஒன்று இருந்ததே இல்லை’ என்று நம் வீடுகளில் சுலபமாகச் சொல்ல முடிகிறது.

பறை அடித்தவரின் பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. அவர் பெயர் இல்லாத இடத்தில் என் சின்னத் தாத்தா பெயர் மட்டும் இருப்பது முறையில்லை என்பதால், அதையும் இங்கே எழுதவில்லை.