ஜாமிலா, மேட்டிலா?

கிள்ளானில் பஸ் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குப் பகல்பொழுதுதான் நெருக்கடி. விடியுமுன் ஆலைக்கு ஆள் இறக்கிய தொழிற்சாலை பஸ்ஸும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவந்த பஸ்ஸும் அடுத்த நடைக்குள் தயாராக வேண்டும். "எஞ்சின் சூடேறுது" என்று டிரைவர் சொன்னதும், அனுபவப்பட்ட போமன் (மெக்கானிக்) ஸ்பானரைத் தொடமாட்டார். "எங்கண்ணே ஏறுது, ஜாம்லயா, மேட்டுலயா?" என்றுதான் கேட்பார். இந்தத் தொழிலின் முதல் கருவி அந்தக் கேள்வியே என்பது என் கட்சி. அதைக் கேட்காமல் பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பதில் முதலாளியின் காசும் போகிறது, எஞ்சினின் ஆயுளும் போகிறது.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி ஊரும்போது டீசல் எஞ்சின் மிகக் குறைவாகவே எரிபொருள் குடிக்கிறது. பிறக்கும் வெப்பமும் குறைவு. அப்போதும் முள் ஏறினால் காற்றோட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்புற எஞ்சின் பஸ்ஸில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் நேராக மோதுவதில்லை. எல்லாம் ஃபேனை நம்பித்தான். சக்கரம் கிளப்பும் தூசியும் எஞ்சின் கசியவிடும் எண்ணெயும் சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளுக்கிடையில் கம்பளம்போல் அப்பிக்கொள்கின்றன. பெல்ட் வழவழத்து வழுக்கினாலும் ஃபேன் சுற்றுவதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா நோக்கிக் காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போது மட்டும் சூடேறினால் கதை வேறு. அங்கே முழுச் சுமையில் பிறக்கும் வெப்பத்தைச் சுமந்துபோகத் தண்ணீர் போதவில்லை: துருச்சேறு அடைத்த குழாய்கள், இதழ் அரித்த வாட்டர் பம்ப், அல்லது கீழ் ஹோஸ். இந்த ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே சுருள்கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், எஞ்சின் வேகமெடுக்கும்போது சப்பிப்போய் வழியை அடைக்கும். நிறுத்தியதும் பழைய வடிவுக்கு வந்துவிடும். பட்டறையில் எஞ்சினை முடுக்காமல் பார்த்தால் இது கண்ணில் படாது. மூன்றாவது சாட்சியமும் உண்டு: வெளியே கசிவே இல்லாமல் தினமும் தண்ணீர் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் விறைக்கிறது. அப்படிச் சொன்னால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்த்தாக வேண்டும்.

டிரைவர் பேச்சை எப்படி நம்புவது, மீட்டரே பொய் சொல்லலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெப்பமானித் துப்பாக்கியால் ரேடியேட்டரின் மேலும் கீழும் அளந்து மீட்டரைச் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துப்பாக்கி காட்டுவது பட்டறையில் சுமையின்றி ஓடும் எஞ்சினின் சூட்டை. நாற்பது பேரோடு மேடேறிய எஞ்சினின் சூட்டை அறிந்தவர் டிரைவர் ஒருவரே. இன்னொரு வாதம் இன்னும் பிடிவாதமானது: "நம்ம ஊர்லதான் குளிரே இல்லையே, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு." பல பஸ் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் அந்த வழி திறந்தே கிடக்கும்; சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டாமலே பம்புக்குத் திரும்பிவிடும். தணிய வேண்டிய எஞ்சின் மேட்டில் மேலும் கொதிக்கும். குளிரில்லாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு என்பதும் இதே வகைப் பிழை. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை. துருவைத் தடுப்பதும், தண்ணீரில் நனைந்து அதிரும் லைனர் சுவரில் ஊசித்துளை விழாமல் காப்பதும் நமக்கு வேண்டியவை. நீராவி ரயிலின் கொதிகலனை முறை வைத்துக் கழுவிப் படிவு நீக்கிய தொழிலாளர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். ரயில்வே குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸுக்குத் தண்ணீரின் குணம் இரும்பின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்பது புதுச் செய்தியல்ல.

நேரமில்லை என்ற மறுப்பில்தான் உண்மையான வலி இருக்கிறது. மாலை நடை தப்பினால் கூலி தப்பும். ஆகவே கொதிக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திருகுகிறார்கள். அழுத்தம் விட்டதும் நூறு டிகிரியைத் தாண்டிய தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கிறது. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். இரண்டு நிமிடக் கேள்வி இவற்றைவிட மலிவு. சிக்கல் என்னவென்றால், பல வண்டிகள் சாவியோடு மட்டும் வந்துசேர்கின்றன. ஓட்டியவர் ஓய்வெடுக்கப் போயிருப்பார், கொண்டுவந்தவருக்கு எதுவும் தெரியாது. எந்த இடம், எந்த கியர், எத்தனை பேர், ஏர்கான் ஓடியதா என்று நான்கே வரி எழுதிச் சாவியோடு கட்டி அனுப்பினால், போமன் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று அப்போதே முடிவுசெய்துவிடலாம்.