சாம்பல்தீவுச் சாலையிலே

திருகோணமலைப் பட்டணத்திலிருந்து வடக்கே நிலாவெளிச் சாலையில் சென்றால், உப்புவெளிக்கு அப்பால் வருவது சாம்பல்தீவு. பெயரில்தான் தீவு, ஓடம் ஏற வேண்டியதில்லை, பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. காலையில் நாம் சென்ற பஸ்ஸில், வெண்சீருடையும் முக்காடும் அணிந்த முஸ்லிம் மாணவியர் சிலர் நின்றபடியே தமிழ்ப் பாடநூலைப் புரட்டிக்கொண்டிருந்தனர். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 140 ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கையில் இது காணற்கரிய காட்சி.

அந்நாளில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தது. படிக்கப் போகும் பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அதனை மூடத்தனம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலை தொடங்கியதும் ஏறக்குறைய இதே கவலையால் அன்றோ? ஆனால் ஒதுங்கி நின்றதற்கு விலை இருந்தது. உத்தியோகமும் வழக்குமன்றமும் எட்டாக் கனியாயின.

இதனைக் கண்டு பொறாதவர் கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை (1838–1898). மார்க்கக் கல்வியோடு ஆங்கிலமும் வேண்டும் என்று வாதாட 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அது தமிழ்ப் பத்திரிகை. தமிழையே அரபு எழுத்தில் எழுதிப் பழகிய மக்களுக்குத் தமிழெழுத்தில் பேசினார். 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்ற நாவலும் தந்தார். கண்டியில் பெண்களுக்கும் பாடசாலை வைத்தார்; தம் உடன்பிறந்தாளையே அங்கு ஆசிரியையாக்கினார். ஊராரின் முணுமுணுப்புக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

அவருக்கு எதிர்பாராத துணையொன்றும் கிடைத்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். தண்டனையாக அனுப்பப்பட்டவர், இங்குள்ளோரைப் பள்ளிகள் அமைக்கத் தூண்டினார்! கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் முயற்சியும் சேர, 1892இல் மருதானையில் இன்றைய ஸாஹிராக் கல்லூரி பிறந்தது.

கொழும்பிலும் கண்டியிலும் எழுந்த இவ்வலை கிழக்குக் கரையை நிதானமாகவே அடைந்தது. நாவலர் பள்ளி கண்ட அதே வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். யுத்தகாலப் பஞ்சத்தில் நெல் விளைவிப்பதே அவருக்கிட்ட பணி. வயலைப் பார்க்க வந்தவர், படிக்க வசதியற்ற பிள்ளைகளையும் பார்த்தார். 1945இல், நாடெங்கும் இலவசக் கல்வி வந்த அதே ஆண்டில், ஏழை முஸ்லிம் மாணவருக்கென ஒரு கல்வி நிதியை நிறுவினார்.