அம்மாவின் பெட்டியில் ஒரு படம்

என் தாயார் இறைவனடி சேர்ந்த முப்பதாம் நாள். காலைத் திருப்பலி முடிந்து, வந்திருந்த உறவினர்கள் உணவருந்திய பின், அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அதன் மூடியில் வெள்ளை வண்ணத்தில் என் தந்தையாரின் பெயரும், அதன் கீழே 'மண்டபம்' என்ற சொல்லும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. உள்ளே இரண்டு சேலைகள், ஒரு செபமாலை, காலங்கடந்த கடவுச்சீட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், பழந்துணியில் பத்திரமாகச் சுற்றிவைத்த ஒரு புகைப்படம்.

கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒருமுறை மடித்த தடம். பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள்; அவர்களுக்கு முன்னே ஆறு சிறுவர் குந்தியிருக்கிறார்கள். பின்புறத்தில் பெயரோ தேதியோ இல்லை. பென்சிலால் 5 என்ற எண் மட்டும் எழுதப்பட்டிருந்தது.

படம் கைமாறிக் கைமாறிச் சென்றது. அப்பாவின் தங்கையாகிய எங்கள் அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதில நம்ம ஆளுக ஒருத்தருமில்லையே!" என்று திருப்பித் தந்துவிட்டார். உண்மைதான். அப்பா அதில் இல்லை, அம்மாவும் இல்லை. யாரோ ஊராருடைய படத்தை அம்மா ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் துணியில் சுற்றிக் காத்தது ஏன்?

அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்காமற் போனதற்குக் காரணம் நானே. அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருள் மிகப் பெரும்பாலோர், 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். அந்த எஞ்சியவர்களையும் 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தாள்களில் அவை எண்கள். தோட்டங்களிலோ அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன.

நாங்கள் 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தோம். அப்போது எனக்கு வயது நான்கு. மண்டபம் முகாமில் சில நாள் தங்கியபின் நீலகிரிக்கு அனுப்பப்பட்டோம். பள்ளியில் என்னைச் 'சிலோன்காரன்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல் எனக்கு முள்ளாய்த் தைத்தது. "தோட்டத்தில நாங்க இருந்தப்போ..." என்று அம்மா தொடங்கும்போதெல்லாம், "அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்று தடுத்துவிடுவேன். சில ஆண்டுகளில் அம்மா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அப்போது அது எனக்கு நிம்மதியாயிருந்தது. பெட்டியைத் திறந்த அன்றுதான், அம்மாவின் வாயை அடைத்தது நான் என்பது உறைத்தது.

அன்று முதல் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக அமர்ந்தேன். பின்னணியில் தகரக் கூரை வேய்ந்த தொழிலாளர் குடியிருப்பு. அதற்கு அப்பால் தேயிலைச் சரிவு. நீலகிரியிலும் இத்தகைய காட்சி உண்டு. ஆனால் வலப்புறக் கடைசியில் நின்ற அம்மையார் சேலை உடுத்தியிருக்கவில்லை. இடையில் சுற்றிய சீத்தைத் துணியும் மேலே சட்டையுமாக, சிங்களக் கிராமத்துப் பெண்கள் உடுத்தும் முறையில் இருந்தார். ஆகவே படம் இலங்கையில் எடுக்கப்பட்டது என்று துணிந்தேன்.

அடுத்து நெற்றிகளைப் பார்த்தேன். சிலர் நெற்றியில் திருநீறு. இரு பெண்களின் கழுத்தில் மாதா சுரூபம் கோத்த சங்கிலி. ஒரே குடும்பத்தார் என்று எண்ணியதால்தான் உறவினர் முகங்களைத் தேடி ஏமாந்தோம் என்பது விளங்கிற்று.

அவர்கள் நின்ற முறையும் விந்தையாயிருந்தது. குழுப் படமென்றால் முதியோரை நடுவே அமர்த்துவார்கள். உயரமானவர்களைப் பின்னே நிறுத்துவார்கள். இங்கே முதியவர் ஓரத்தில் நிற்கிறார்; நெட்டையும் குட்டையும் கலந்து, மூவர் இருவராகச் சிறுசிறு கூட்டமாய் நிற்கிறார்கள். இடப்புறம் நான்கு கூட்டம், வலப்புறம் மூன்று. இடையே இரண்டு மூன்று பேர் நிற்கக்கூடிய வெற்றிடம். அங்கே முன்வரிசையில் ஒரு பிள்ளைகூட இல்லை. அதன் பின்னே பூட்டிய கதவு ஒன்று தெரிந்தது.

படம் எடுத்தவரின் கவனக்குறைவு என்றே அதை நினைத்தேன். என் தம்பி மகன் கணினியில் கைதேர்ந்தவன். "பெரியப்பா, இந்த இடைவெளியை எடுத்துட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்டிடலாம். படம் அழகாயிருக்கும்" என்றான். நானும் சரியென்று சொல்ல இருந்தேன். யாரென்று அறிந்த பின் செய்யலாம் என்று ஏனோ தள்ளிவைத்தேன்.

அம்மாவின் கடவுச்சீட்டில் தோட்டத்தின் பெயர் இருந்தது. அதைச் சொல்லித் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். இலங்கையிலிருந்து திரும்பியோருக்கு வேலையளிக்கத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியதை வாசகர் அறிந்திருப்பீர்கள். அத்தகைய தோட்டம் ஒன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், எங்கள் பழைய தோட்டத்தைச் சேர்ந்தவர், கூடலூர்ப் பக்கம் இருப்பதாகச் செய்தி கிடைத்தது. கோவையிலிருந்து புறப்பட்டு உதகை வழியாகச் சென்று அவரைக் கண்டேன். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். இந்து சமயத்தவர். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பற்றிக்கொண்டார். "சின்னம்மா" என்று அழைப்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

படத்தை நீட்டினேன். சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். முகங்களை அவர் தேடவில்லை. இடப்புற ஓரத்தில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். "இது மொதக் காம்பரா. இது ரெண்டு. இது மூணு, அண்ணன் தம்பி குடும்பம். இது நாலு..."

மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பை லயம் என்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள். அறை ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அந்த வரிசை மாறாமலே அவர்கள் படத்துக்கு நின்றிருக்கிறார்கள்!

சின்னம்மாவின் விரல் வெற்றிடத்தில் வந்து நின்றது.

"இது அஞ்சு. உங்க காம்பரா."

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நீங்க போய் ஒரு மாசம் கழிச்சு எடுத்தது மகனே. ஒங்களுக்குத் திடீர்னு தேதி வந்திருச்சு. படம் எடுக்க நேரமில்லை. கோச்சி வரைக்கும் வந்து அழுதுட்டுத் திரும்பினோம். பொறவு ரெண்டாங் காம்பராவுக்கும் தேதி வந்துச்சு. இப்ப எடுக்காட்டி எப்ப எடுக்கிறதுன்னு, எல்லாரும் காசு போட்டு டவுன்ல இருந்து படம் பிடிக்கிறவரைக் கூட்டியாந்தோம். நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்கன்னு அவரு ரெண்டு மூணு தரம் சொன்னாரு. நாங்க நகரல. அது ஒங்கம்மா நிக்கிற எடம்."

தலைமன்னார் செல்லும் இரயிலை அக்காலத்தில் மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தார்கள். ஏற்றிவிட வந்தவர்களும் ஏறியவர்களும் அழுத அழுகையால் வந்த பெயர் அது.

காம்பராவுக்கு ஒரு பிரதி என்று கணக்கிட்டு, பின்புறம் எண் எழுதிப் பங்கிட்டார்களாம். எங்கள் பிரதியை மடித்து உறையிலிட்டு மண்டபம் முகவரிக்கு அனுப்பினார்களாம். விலையோ வரிசை எண்ணோ என்று நான் குழம்பிய அந்த 5, எங்கள் வீட்டின் எண்!

ஆறாம் காம்பராவில் தலைகுனிந்து நின்ற இளம்பெண்ணைக் காட்டி, "இதுதான் நான்" என்று சின்னம்மா சிரித்தார். சிங்களத்து அம்மையார் கீழ்க் கிராமத்திலிருந்து கீரை விற்க வருபவராம். என் தாயார் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் எனக்குக் கஞ்சி ஊட்டியவராம். "காம்பரா இல்லாட்டி என்ன, நீயும் நில்லு" என்று அவரையும் வரிசையின் ஓரத்தில் நிறுத்திக்கொண்டார்களாம்.

மூன்றாம் காம்பராவின் அண்ணன் இந்தியா வந்துவிட்டார். தம்பி அங்கேயே தங்கினார். மற்றும் சிலர் கோத்தகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் சென்றனர். முதலில் கடிதங்கள் வந்தன. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் அங்கிருந்து கடிதம் வருவதும் நின்றது. இருபத்து நான்கு பேரில் பத்தொன்பது பேரின் பெயர்களைச் சின்னம்மா சொன்னார். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் மற்றொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பச் செபத்தில், செபமாலை முடிந்த பின்னும் அம்மா எழமாட்டார். ஏழு மங்கள வார்த்தை செபம் தனியே சொல்லுவார். மாதாவின் ஏழு வியாகுலங்களுக்காக என்று நானாக எண்ணிக்கொண்டு, எப்போது முடியுமென்று காத்திருப்பேன். அது வியாகுலங்களுக்காகவே இருக்கலாம். ஆனால் எட்டுக் காம்பராவில் எங்களுடையதை நீக்கினால் மீதி ஏழு. இப்போது அந்த ஏழையும் நானே சொல்லுகிறேன், வீட்டுக்கு ஒன்றாக.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பெயர் தெரியாத படங்கள் இருக்கும். நம்மவர் இல்லை என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பாராயின், இந்த ஞாயிறே படத்தை அவர் கையில் கொடுத்து அருகில் அமருங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பெயர்களை மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புற ஓரத்தில் எழுதிவையுங்கள். பேனா மை நாளடைவில் ஊறி முகங்களைக் கெடுத்துவிடும். என்னைப் போல் பெட்டி திறக்கும் நாள் வரை காத்திராதீர்கள்.

படத்தை ஒட்ட வேண்டாம் என்று தம்பி மகனிடம் சொல்லிவிட்டேன். இருபுறத்தையும் பிரதி எடுத்துச் சின்னம்மாவுக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். எங்கள் படத்தின் பின்னே பெயர்களைக் காம்பரா வரிசையில் எழுதினேன். நான்காவது வீட்டாருக்கும் ஆறாவது வீட்டாருக்கும் நடுவில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பெயர்களையும் எழுதிவைத்தேன்.