பேய் வீட்டில் யாருக்குப் பயம்?

மழை இரவு, ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பெரிய பழைய வீடு, தட்டாமலே திறந்துகொள்ளும் கதவு, உள்ளே மெழுகுதிரியுடன் ஒரு வேலைக்காரர். பழைய அமெரிக்க நகைச்சுவைக் குறும்படங்களில் இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வெள்ளைச் சீலை போர்த்த உருவமொன்று மாடிப்படியில் இறங்கி வரும் என்பது தெரியும். அதைக் கண்டு கதாநாயகனின் தலைமயிர் குத்திட்டு நிற்கும் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் கொஞ்சம் எழுத நினைத்தேன்.

எண்பதுகளில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்று இருந்தது. லோரலும் ஹார்டியும் எனக்கு அறிமுகமானது அங்கிருந்து எடுத்துவந்த கசெட்டொன்றின் மூலம்தான். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாத வயது. புரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பயந்தவன் ஓடுவதற்கும் ஓடியவன் தடுக்கி விழுவதற்கும் எந்த மொழி வேண்டும்? ஊமைப் படங்களைப் பிற்காலத்தில் இறுவட்டுகளில் தேடிப் பார்த்தேன். இப்போது மகளின் மகளை மடியில் வைத்துக்கொண்டு கணினியில் பார்க்கிறேன்.

சினிமாவுக்குப் பேய் வீடு புதிதல்ல. சினிமா பிறந்த கையோடு பேயும் பிறந்துவிட்டது. பிரான்ஸ் தேசத்து ஜோர்ஜ் மெலியே 1896 இலேயே மூன்று நிமிடமளவான ஒரு படத்தில் பிசாசின் மாளிகையைக் காட்டிவிட்டார். வௌவால் பறந்து வந்து பிசாசாக மாறும். எலும்புக்கூடு தோன்றி மறையும். அமெரிக்காவில் ஸ்டுவர்ட் பிளக்டன் 1907 இல் பேய் பிடித்த விடுதியொன்றைப் படமாக்கினார். அதில் கத்தி தானாகவே பாணை வெட்டும். இந்தப் படங்களில் பேய் உண்மையானது. கமெராவை நிறுத்தி, பொருளை இடம் மாற்றி, மறுபடி ஓடவிட்டால் இல்லாதது இருப்பதாகிவிடும். புதிய இயந்திரத்தின் வித்தையைக் காட்டப் பேயைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடைத்திருக்காது.

ஆனால் 1920 களின் அமெரிக்கப் படங்களுக்கு வரும்போது பேயின் தன்மை மாறிவிடுகிறது. அது உறுதி எழுதும் பேயாக, காணியில் கண் வைத்த பேயாக ஆகிவிடுகிறது. அந்தக் காலத்து நியூயோர்க் மேடைகளில் மர்ம வீட்டு நாடகங்களுக்குப் பெரும் மவுசு இருந்தது. 'த பற்' என்ற நாடகம் 1920 இலும் 'த கற் அன்ட் த கனரி' 1922 இலும் மேடையேறின. பின்னது 1927 இல் போல் லெனியின் இயக்கத்தில் திரைக்கு வந்தது. இறந்துபோன பணக்காரர், நள்ளிரவில் வாசிக்கப்படும் மரணசாசனம், சொத்துக்குரிய இளம்பெண், அவளை மிரட்டிப் பைத்தியமாக்கப் பார்க்கும் உறவினர். இந்தச் சட்டகத்தை நகைச்சுவைக்காரர்கள் இரண்டு ரீலுக்குள், அதாவது இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள், அடக்கிக்கொண்டார்கள். முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது எப்போதும் ஒரு மனிதன். அவனுக்கு அந்த வீடு வேண்டும், அல்லது அந்த வீட்டுக்குள் யாரும் வராதிருக்க வேண்டும்.

நான் வளர்ந்த தெருவிலும் ஜின் குடியிருப்பதாகச் சொல்லப்பட்ட பாழ் வளவொன்று இருந்தது. மஃரிபுக்குப் பிறகு அந்தப் பக்கம் போக உம்மா விடமாட்டார். ஜின் உண்டு என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஜின் குறிப்பாக அந்த வளவில்தான் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர் யார் என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. அப்படிக் கேட்கலாம் என்று எனக்குச் சொல்லித் தந்தவை இந்தக் கோமாளிப் படங்கள்தாம்.

ஹெரல்ட் லொய்டின் 'ஹோன்டட் ஸ்பூக்ஸ்' 1920 இல் வெளியானது. பாட்டனாரின் மாளிகை பேத்திக்கு வர வேண்டுமானால் அவள் கணவனுடன் ஒரு வருடம் அங்கே வாழ வேண்டும் என்பது நிபந்தனை. அவளுக்கோ கணவன் இல்லை. காதலில் தோற்றுத் தற்கொலைக்கு முயன்று, அதிலும் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனைச் சட்டத்தரணி பிடித்துவந்து மாப்பிள்ளையாக்குகிறார். இந்தச் சோடியை வீட்டைவிட்டு விரட்டுவதற்காக மாமனார் முறையான ஒருவர் பேய் வேடம் போடுகிறார். கதை இவ்வளவுதான்.

இந்தப் படத்தின் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. படப்பிடிப்பு முடிவதற்கு முன்னர், 1919 ஓகஸ்டில், விளம்பரப் புகைப்படமொன்றுக்காக லொய்ட் கையில் ஒரு குண்டை ஏந்தி நின்றார். காட்சிக்கான போலிக் குண்டு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது வெடித்தது. வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் போயின. சில காலம் கண்பார்வையும் போயிருந்தது. மாதங்கள் கழித்து, இழந்த விரல்களின் இடத்தில் செயற்கை விரல்கள் பொருத்திய கையுறையுடன் வந்து படத்தை முடித்தார். ஆக, அந்த ஒரே படத்தில் முழுக் கையுடைய லொய்டும் இருக்கிறார், குறைபட்ட கையுடைய லொய்டும் இருக்கிறார். பொய்யென்று நம்பியது மெய்யாக வெடித்த மனிதர், மெய்யென்று நம்பிய பேய் பொய்யாகிப் போகும் கதையில் நடித்து நம்மைச் சிரிக்கவைத்திருக்கிறார்.

அடுத்த வருடம், 1921 இல், பஸ்டர் கீற்றனின் 'த ஹோன்டட் ஹவுஸ்' வந்தது. எட்வர்ட் கிளைனும் கீற்றனும் சேர்ந்து இயக்கியது. இந்த வகைப் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கீற்றன் ஒரு வங்கி ஊழியர். நோட்டுகளில் பசை சிந்தி, வங்கி முழுவதும் கைகளும் காசும் ஒட்டிக்கொள்ளும் முதற்பகுதியே தனிப் படம் போன்றது. வங்கியின் காசாளர்தான் கள்ள நோட்டுக் கும்பலின் தலைவன். கும்பல் தங்கியிருக்கும் பழைய வீட்டுக்கு யாரும் வராதபடி அதைப் பேய் வீடாக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கிடையில் 'ஃபவுஸ்ற்' நாடகம் போட்டுப் பார்வையாளரிடம் விரட்டு வாங்கிய நடிகர் கூட்டமொன்று, பிசாசு வேடத்தையும் கலைக்காமல், அதே வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. இனி யார் பேய், யார் கள்ளன், யார் நடிகன் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டின் மாடிப்படி மறக்கமுடியாதது. கீற்றன் பாதிக்கு மேல் ஏறியதும் படிகள் எல்லாம் மடிந்து சறுக்குப் பலகையாகிவிடும். அவர் சறுக்கிக் கீழே வருவார். முகத்தில் ஒரு சலனமும் இராது. எழுந்து மறுபடி ஏறுவார். பார்ப்பவனுக்கு இது விளையாட்டு. செய்தவருக்கு அப்படியில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் 'த இலெக்ட்ரிக் ஹவுஸ்' என்ற படத்துக்காக அமைத்த இயந்திரப் படியில் சப்பாத்துச் சிக்கி அவரது கணுக்கால் முறிந்தது. அந்தப் படத்தைக் கைவிட்டு 1922 இல் புதிதாக எடுக்க நேர்ந்தது.

பேய் வீட்டில் கீற்றன் முதலில் பயப்படுகிறார், ஓடுகிறார். பிறகு ஒரு கட்டத்தில் பழகிப்போகிறது. குறுக்கும் நெடுக்கும் போகும் சீலைப் பேய்களுக்கு நடுவில் நின்று, போக்குவரத்துப் பொலிஸ்காரரைப் போலக் கை காட்டி, ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடுகிறார். பயத்திலிருந்து வெளியேறுவதற்கு இவ்வளவு எளிமையான படிமத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவருக்கு அப்போதும் உண்மை தெரியாது. பேய்கள் போலி என்று அவர் கண்டுபிடிக்கவில்லை. பேய்களும் வீதியில் போகிறவர்கள்தானே, ஒழுங்காகப் போகட்டும் என்று முடிவெடுக்கிறார், அவ்வளவுதான்.

லோரலும் ஹார்டியும் வேறு ரகம். அவர்கள் பயத்துக்குப் பழகுவதே இல்லை. 1930 இல் வந்த 'த லோரல் ஹார்டி மேர்டர் கேஸ்' படத்தில், எபனீஸர் லோரல் என்ற செல்வந்தர் இறந்து 3 மில்லியன் டொலர் சொத்து உறவினருக்குக் காத்திருக்கிறது என்ற பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு இருவரும் புயல் இரவில் மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே பொலிஸ் நிற்கிறது. செல்வந்தர் கொலை செய்யப்பட்டிருக்கிறார். வந்த உறவினர் எல்லோரும் சந்தேக நபர்கள். கடைசியில் எல்லாம் கனவு, மீன்பிடிக்கப் போன இடத்தில் தூங்கிப்போனார்கள் என்று முடித்துவிடுவார்கள். இது அவர்களுடைய சிறந்த படமல்ல. மூன்று ரீல் நீளமும் அதிகம். ஆனாலும் ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி நடுங்கும் அந்த இருவரைப் பார்ப்பதற்காகவே நான் திரும்பத் திரும்ப இதைப் பார்ப்பதுண்டு. பயத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து.

இதே படத்தை அவர்கள் ஸ்பானிய, பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளிலும் மறுபடி நடித்தார்கள். குரல் மாற்றிப் பதியும் முறை வழக்கத்துக்கு வராத காலம். தெரியாத மொழியின் வசனத்தை ஒலிப்புப்படி எழுதிவைத்துப் பார்த்துச் சொன்னார்கள். புரியாத மொழியில் பயந்து காட்டிய நடிகர்களும், புரியாத மொழியில் கேட்டுச் சிரித்த என்னைப் போன்ற பையன்களும் ஓரிடத்தில் சந்தித்திருக்கிறோம்.

பதினைந்து வருடம் கழித்து, 1945 இல், இதே கதையை த்ரீ ஸ்டூஜஸ் மூவரும் 'இஃப் எ பொடி மீட்ஸ் எ பொடி' என்று எடுத்தார்கள். இம்முறை சொத்துக்கு உரியவர் கேர்ளி. மொட்டைத் தலையும் கீச்சுக் குரலுமாக, பம்பரம்போலச் சுழன்றவர். இந்தப் படத்தில் அந்தச் சுழற்சி குறைந்திருக்கிறது. அவர் உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்த காலம் அது. 1946 மே மாதத்தில், வேறொரு படத்தின் படப்பிடிப்பில், பாரிசவாதம் அவரை வீழ்த்தியது. 1952 ஜனவரியில் இறந்தபோது வயது 48. தெரியாமல் பார்த்தபோது சிரித்த இடங்களில், தெரிந்த பிறகு கண் அவர் கைகால்களைத்தான் கவனிக்கிறது.

பேத்தியுடன் 'ஹோன்டட் ஸ்பூக்ஸ்' பார்த்த அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அந்த மாளிகையில் கறுப்பினத்து வேலையாட்கள் இருக்கிறார்கள். கண்ணை உருட்டுவதும் முழங்கால் நடுங்குவதும்தான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவர்களோடு ஒரு சிறுவன். மாப் பெட்டிக்குள் ஒளிந்து, வெளியே வரும்போது உடம்பெல்லாம் வெள்ளையாகி, அவனும் ஒரு பேயாகத் தெரிகிறான். அக்காலப் பார்வையாளர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பேத்தி சிரிக்கவில்லை.

"அப்பா, அந்தப் பொடியனுக்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல்ல, அது பேயில்லெண்டு?"

நான் பல தடவை பார்த்த படம். அவனிடம் யாரும் வந்து சொல்வதை நான் கண்டதில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு மற்றப் படங்களையும் வேறுவிதமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. இந்த வீடுகளில் வெள்ளைக் கதாநாயகனின் பயம் ஒரு பயணம். நடுங்கி ஓடியவன் கடைசியில் முகமூடியைக் கழற்றி, சொத்தையும் பெண்ணையும் பெற்று, தைரியசாலியாகிறான். வேலைக்காரனின் பயமோ அவனுடைய பிறவிக் குணம்போலக் காட்டப்படுகிறது. அவனுக்கு முன்னால் முகமூடி கழற்றப்படுவதில்லை. கழற்றினாலும் அது அவனுடைய வெற்றியில்லை. இந்த வழக்கம் பிறகு முழுநீளப் படங்களுக்கும் போயிற்று. 1940 இல் பொப் ஹோப் நடித்த 'த கோஸ்ற் பிரேக்கர்ஸ்' படத்தில் வில்லி பெஸ்ற், வேறு பல படங்களில் மன்ரன் மோர்லன்ட் என்று மிகத் திறமையான நகைச்சுவை நடிகர்கள் பேய்க்குப் பயந்த வேலையாளாகவே காலம் தள்ளினார்கள்.

மாப் பெட்டியிலிருந்து வந்த சிறுவனின் பெயர் ஏர்ணி மொரிசன். 'சன்ஷைன் சமி' என்று விளம்பரப்படுத்தப்பட்டவர். 1912 இல் பிறந்தவர், அப்போது ஏறக்குறைய ஏழு வயது. ஹொலிவூட்டில் நீண்டகால ஒப்பந்தம் பெற்ற முதற் கறுப்பின நடிகர்களுள் ஒருவர். பின்னர் 'அவர் கேங்' குறும்படங்களின் தொடக்ககால நட்சத்திரம். 1941 இல் பெலா லுகோசியுடன் 'ஸ்பூக்ஸ் ரன் வைல்ட்' படத்தில் அவர் மறுபடி ஒரு பேய் வீட்டுக்குள் போகிறார். இப்போது வளர்ந்த மனிதர். 1943 இல் 'கோஸ்ற்ஸ் ஒன் த லூஸ்' என்று இன்னொரு பேய் வீடு. இருபது வருடத்துக்கு மேலாகியும் அவருக்கு எழுதப்பட்ட பாத்திரம் பயந்துகொண்டே இருந்தது.

இந்தப் படங்களைப் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கீற்றனின் படியையும் அந்த ஒற்றைக் கட்டிலையும் பேத்தியிடமிருந்து மறைக்க எனக்கு மனமில்லை. பேய்க்குப் பின்னால் ஆள் இருக்கிறான், அவன் எதையோ எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்பதை இவ்வளவு சிரிப்போடு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாடம் அந்த வீட்டுக்குள்ளேயே எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. மாடியில் முகமூடி கழன்றுவிட்டது. கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்துவிட்டான். சமையலறையில் மா படிந்த முகத்தோடு ஒருவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறான். படிகள் சறுக்குப் பலகையாகிக் கிடந்தாலும் யாராவது ஒருவர் அங்கே இறங்கிப் போயிருக்கலாம்.