தொடங்க வேண்டிய இடம் டிடிபி கடை

நெய்வேலி நகரியத்தில் கடை நடத்துபவருக்கு, பக்கத்துப் பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ கடை நடத்துபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அவருடைய வாடிக்கையாளர்கள் ஓய்வு பெற்று ஊரை விட்டுப் போகிறவர்கள். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1961-இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளிவந்த காலத்திலிருந்து இந்த ஊர் வட்டம் (பிளாக்) வட்டமாக வளர்ந்தது. ஆனால் வட்டத்து வீடுகள் குடியிருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. பணிக்காலம் முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சிலர் இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மனை வாங்கி ஊரோரம் தங்குகிறார்கள். மற்றவர்கள் சொந்த ஊருக்கோ பிள்ளைகள் இருக்கும் ஊருக்கோ போய்விடுகிறார்கள். பல ஆண்டுகளாக ஒரே மளிகைக் கடையில் கணக்கு வைத்திருந்த குடும்பம் கிளம்பும்போது, அந்தக் கடையைப் பற்றி அக்கம்பக்கத்தில் நல்லவிதமாகச் சொல்லிவந்த வாயும் சேர்ந்து கிளம்பிவிடுகிறது. அந்த வீட்டுக்கு அடுத்து வருபவர் தமிழ்நாட்டின் வேறு மூலையிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வரும் இளம் பொறியாளர். தையல்காரர் எங்கே, நல்ல முறுக்கு எங்கே என்று எதிர்வீட்டில் கேட்பதற்கு முன் அவர் கைபேசியில் தேடிப் பார்த்துவிடுகிறார். பாட்டன் காலத்துப் பெயரே விளம்பரமாக இருக்கும் ஊரில், கைபேசியில் இல்லாத கடையும் பிழைத்துக்கொள்ளும். இங்கே அது சிரமம். சிறு வியாபாரிக்கு டிஜிட்டல் ஊடகம் எதற்கு என்று நெய்வேலியில் விளக்க வேண்டியதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு செயலிப் பட்டியல். போஸ்டருக்கு கேன்வா, வீடியோ வெட்ட இன்ஷாட் அல்லது கைன்மாஸ்டர், கணினி இருந்தால் டாவின்சி ரிசால்வ், பிறகு நாளுக்கு ஒரு ரீல். இந்தச் செயலிகளில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பணம் கட்டாமலே நிறைய வேலை செய்து தருகின்றன. ஆனால் நகரியத்தைச் சுற்றியும் மந்தாரக்குப்பம் பக்கமும் இருக்கும் டிடிபி, ஃப்ளெக்ஸ் கடைகளில் வேலை நடக்கும் விதத்தைக் கவனித்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: சிறு வியாபாரி முதலில் அந்தக் கடைப் படியைத்தான் ஏற வேண்டும். அங்கே டிடிபி மேசையில் இருப்பவர்கள் இணையம் கைக்கு வருவதற்கு முன்பிருந்தே இந்த ஊருக்காக ஊடகம் செய்துவருபவர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுச் செயலிக்குத் தாவுவதில் வியாபாரிக்கும் நஷ்டம், அந்தத் தொழிலாளிக்கும் நஷ்டம்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த வேலை எளிதாகத் தெரியும். ஒரு கணினி, அதில் கோரல்டிராவும் போட்டோஷாப்பும், எப்போதும் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப். வாடிக்கையாளர் நோட்டுத்தாளில் கிறுக்கிக்கொண்டு வருவார், அல்லது குரல்பதிவாக அனுப்புவார். படம் ஏதோ ஒரு குழுவில் வந்து நாலு கை மாறியதாக இருக்கும். படமாக அனுப்பும்போதே வாட்ஸ்அப் அதைச் சுருக்கியிருக்கும். "டாக்குமென்ட்டா போடுங்கண்ணே" என்று திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான். பத்தடி அகல ஃப்ளெக்ஸுக்கு அந்தப் படத்தைத் தேற்றுவது ஒரு வேலை என்றால், பெயர்களை அடுக்குவது அதைவிடப் பெரிய வேலை. காதணி விழா பேனரில் தாய்மாமன் பெயர் எங்கே வர வேண்டும், யார் படம் யாருக்கு மேல் நிற்கலாம், காலமான தாத்தாவை எந்த மூலையில் வைப்பது, அழைப்பவர் வரிசையில் பெரியப்பாவை விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பிழை வந்தால் பேனரைத் திரும்ப அடிக்கலாம். உறவில் விழுந்த விரிசலை அடைக்க முடியாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நள்ளிரவுக்குச் சற்று முன் வரும். விடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். துக்க வீட்டாரிடம் தோற்றம், மறைவு தேதிகளை நோகாமல் இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்க்கும் பக்குவத்தை எந்த டெம்ப்ளேட்டும் தராது. எதைப் பெரிதாகப் போடுவது, எதை விடுவது, யார் படிப்பார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார்கள் என்று நாள் முழுவதும் முடிவெடுத்துக்கொண்டிருப்பவரைத்தான் நாம் 'டைப் அடிக்கிற தம்பி' என்கிறோம். அச்சில் செய்தாலும் கைபேசித் திரையில் செய்தாலும் ஊடகம் என்பதே இந்த முடிவுகள்தான்.

இந்தக் கைத்திறன் இணையத்துக்கு வரும்போது ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறது. தமிழ் டிடிபி வளர்ந்தது யூனிகோடு பரவுவதற்கு முன்பு. 'கொ' என்று எழுத, ஒரே உயிர்க்குறி கொம்பாக முன்னாலும் காலாகப் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். பேஜ்மேக்கருக்கும் பழைய கோரலுக்கும் அந்தக் கோவை தெரியாது. யூனிகோடுத் தமிழ் அவற்றில் சிதறிப்போகும். எனவே பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் மேசையை ஆண்டன. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்த ஏற்பாடு அது. அச்சில் அருமையாக வரும். அதே வரியை எடுத்து முகநூலில் ஒட்டினால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் பழகிய விரல்களும், சேர்த்துவைத்த பழைய கோப்புகளும் அரசாணைக்காக மாறிவிடுவதில்லை. ஆகவே மேசையிலிருந்து வியாபாரியின் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு படம். கடைப் பெயர், வழி, நேரம், விலை எல்லாம் அந்தப் படத்துக்குள் அடைபட்டுவிடுகின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 24 மணி நேரம் நின்று மறைந்துபோகிறது. வட்டத்தின் எண்ணைப் போட்டுத் தையல் கடை தேடும் அந்தப் பொறியாளருக்கு, இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும் தையல் கடை அகப்படுவதில்லை.

அதனால் முதல் கருவி எது என்று கேட்டால் யூனிகோடு விசைப்பலகை என்பேன். கைபேசியில் இலவசமாகவே இருக்கிறது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அறியப்பட்டது) கடையின் முகவரி, தொலைபேசி, திறக்கும் நேரம், என்ன கிடைக்கும் என்ற விவரங்களை எழுத்தாகத் தருவதுதான் தொடக்கம். ஷிப்ட் முறையில் இயங்கும் ஊரில், இரவு எத்தனை மணிவரை கடை திறந்திருக்கும் என்ற ஒற்றை வரி பத்து ரீல்களைவிடப் பயன்படும். யூனிகோடில் அழகான எழுத்துரு இல்லை என்று டிசைனர்கள் குறைபட்டுக்கொண்ட காலம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. இன்று கூகுள் ஃபாண்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் எனப் பல எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பவனம், கவிவனார் ஆகியவை இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்தவை. போட்டோஷாப்பிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான எழுத்துக்கோவை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் 'கொ' சரியாக நிற்கும். டிடிபி தொழிலாளி கற்க வேண்டிய புதுப் பாடம் இவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததைச் செயலி வாங்கிய வியாபாரி கற்க ஆண்டுகள் ஆகும்.

அடுத்தது படம். இந்த வட்டாரத்துப் பெரிய சரக்கான பண்ருட்டி முந்திரியையே எடுத்துக்கொள்ளலாம். முந்திரியில் நிறமும் அளவும்தான் தரம். வெள்ளை முழுப்பருப்பு ஒரு விலை, பக்குவம் செய்யும்போது சூட்டில் பழுப்பேறிய முழுப்பருப்பு அதைவிடக் குறைந்த விலை. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. டபிள்யூ 240 என்றால் எண்ணிக்கை குறைவு, பருப்பு பெரிது. கைபேசியின் அழகூட்டும் ஃபில்டர் பழுப்பை வெளுத்துக் காட்டும். லென்ஸைப் பருப்புக்கு மிக நெருக்கத்தில் கொண்டுபோனால் 320 கூட 240 மாதிரி தெரியும். தொலைவூரில் பெட்டியைப் பிரிப்பவர், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார், வியாபாரி அப்படி நினைத்துச் செய்யாவிட்டாலும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல், அருகில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்த படம்தான் இந்த வியாபாரத்துக்கு வேண்டியது. இதை டிடிபி தொழிலாளியிடம் விளக்கத் தேவையில்லை. திரையில் தெரியும் சிவப்பு ஃப்ளெக்ஸில் எப்படி மாறி விழும் என்று கணித்தே பிழைப்பு நடத்துபவர் அவர்; நிறம் பொய் சொல்லும் என்பது அவருக்குத் தெரியும்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலின் தேவை வேறு. நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைத்த வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சியதும் மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்து, உருவைப் பிரித்தெடுத்து, உலர்த்தி, உலையில் சுடுகிறார்கள். அச்சு பிரியும் அந்த நொடியை 20 வினாடி வீடியோவாக, கூடத்தின் சத்தத்தோடு அப்படியே வைத்தால் போதும். சினிமாப் பாட்டு போட்டால்தான் பார்ப்பார்கள் என்பது பரவலான நம்பிக்கை. விளம்பரத்துக்கு எடுத்த பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டும் என்பதால்தான் இன்ஸ்டாகிராம் வணிகக் கணக்குகளில் பல பாட்டுகளைப் பயன்படுத்த விடுவதில்லை. இசை வேண்டும் என்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக இருக்கிறது.

டிடிபி கடைக்குப் போகச் சொல்வதற்கு வரும் வலுவான மறுப்பு: புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பம் 2018-இல் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கியது, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. எந்த டிசைனரிடம் போனார்கள் அவர்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் விற்கும் சரக்கே வீடியோ. தாத்தா சமைக்க, பேரன்மார் உடன் நிற்க, கேமராவையும் தொகுப்பையும் தம் முழுநேர வேலையாகக் குடும்பத்துக்குள்ளேயே பிரித்துக்கொண்டார்கள். அங்கேயும் ஊடகத் தொழிலாளி உண்டு, அவர் உறவுக்காரர் என்பதே வேறுபாடு. முந்திரி வியாபாரியின் சரக்கு முந்திரி. இரவு ஒன்பது மணிக்குக் கணக்கு முடித்துவிட்டு, களைத்த கண்ணோடு அவர் வீடியோ வெட்டப் பழக வேண்டும் என்பது நல்ல ஆலோசனையாக எனக்குப் படவில்லை. படமும் வீடியோவும் அவர் எடுக்கட்டும், ஏனென்றால் சரக்கு அவர் கண்முன் இருக்கிறது. வெட்டுவதும் எழுத்து சேர்ப்பதும் அடுக்குவதும் மேசைக்குப் போகட்டும்.

டிடிபி தொழிலாளி பழைய ஆள், புதியதைக் கற்கமாட்டார் என்பது இன்னொரு மறுப்பு. அவர்களில் சிலரைப் பற்றி அது உண்மையே. ஆனால் அச்சுக்கோப்பை விட்டு பேஜ்மேக்கருக்கும், அதிலிருந்து ஃப்ளெக்ஸுக்கும் மாறிவந்த தொழில் இது. 2019 செப்டம்பரில் சென்னையில் சாலையோர பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தபின் பேனர் கட்டுப்பாடுகள் இறுகின. இறுகியது சரியே, அதன் சுமை இந்த மேசைகள் மேல் விழுந்தது. புதிய வேலைக்கான தேவை அவர்களுக்கு வியாபாரியைவிட அதிகம். கற்பிக்கவும் இடமுண்டு: தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் யூடியூப் சேனல் தொடங்குவது குறித்தெல்லாம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. நெய்வேலியிலேயே, 1998 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சியையொட்டிச் சிறுகதைப் போட்டியும் குறும்படப் போட்டியும் நடந்திருக்கின்றன. கதை சொல்லவும் கேமரா பிடிக்கவும் ஆர்வமுள்ள இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களையும் அந்த மேசையையும் யாரும் இன்னும் சேர்த்துவைக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடுமே என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்தான் என்னிடம் உண்டு. அது வரையும் முந்திரி உங்கள் கிடங்கில் இருக்கும் முந்திரி அல்ல. இல்லாத சரக்கைக் காட்டி விற்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே பார்க்கும்.

உண்மையான தடை கூலியில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடையில் விலை சதுர அடிக்கு; டிசைன் அந்த விலைக்குள் மறைந்திருந்தது. மூன்று முறை ப்ரூஃப் மாற்றினாலும் வாடிக்கையாளர் கொடுத்தது மைக்கும் ஷீட்டுக்கும்தான். இப்போது ஷீட்டே இல்லாத வேலை வரும்போது, "சும்மா ஒரு போஸ்டர்தானே, வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சு இருக்கும்வரை திறமையான இளைஞர் எவரும் இந்த மேசையில் நிலைக்கமாட்டார். பேனருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை மாதக் கட்டணமாகப் பேசிக்கொள்ளலாம்: மாதத்துக்கு இத்தனை படம், இத்தனை வீடியோ, விவரம் மாறினால் கூகுள் வரைபடத்தில் திருத்தம், இத்தனை ப்ரூஃப்வரை மாற்றம். பேச்சு எழுத்தில் இருக்கட்டும்.

அந்த எழுத்தில் வியாபாரி கவனிக்க வேண்டிய ஒன்று, கணக்கு யார் பெயரில் என்பது. டிசைனரின் மின்னஞ்சலில் தொடங்கிய கடைப் பக்கம், அவர் வேறு ஊருக்குப் போனால் பூட்டிய கதவாகிவிடும். கூகுள் பிசினஸ் புரொஃபைல் உரிமையாளர், மேலாளர் என்று இரண்டு நிலை தருகிறது. உரிமையாளர் இடத்தில் வியாபாரியின் மின்னஞ்சலும், மேலாளர் இடத்தில் டிசைனரின் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். கட்டணம் தீர்ந்த மாதத்தில் கோரல் கோப்பு, சுருக்காத படங்கள், யூனிகோடில் அடித்த வாசகங்கள் ஆகியவற்றின் பிரதி ஒன்று வியாபாரியின் பென்டிரைவுக்கு வந்துவிட வேண்டும். டிசைனருக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. பணம் தராதவருக்குக் கோப்பு போகாது. தான் செய்த வேலை எது என்று காட்டவும் அவரிடம் ஆதாரம் இருக்கும்.