புதிய மீனுக்கு நாற்பது நாள்

காஜாங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த அப்பா, காலையில் வீடு திரும்பியதும் பசியாறுவதற்கு முன் அதன் எதிரேதான் உட்காருவார். அவர் கையைக் கண்டாலே இரண்டு கோமாளி மீன்கள் கண்ணாடியருகே வந்து நிற்கும். ஒன்பது ஆண்டுகளாக வளர்ந்தவை.

அப்பா பணி ஓய்வு பெற்றபோது, கல்விக் கடனில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு நீல டாங் மீன் வாங்கி வந்தேன். அவரை அசத்த வேண்டும் என்ற ஆசை. அவர் வெளியே சென்றிருந்த நேரம் பார்த்து, பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, மீனை உள்ளே விட்டேன். அப்பாவும் வந்து பார்த்தார். “அழகா இருக்கும்மா” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் டாங்கின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பிறகு கோமாளி மீன்களின் மீதும் தெரிந்தன. பத்தாம் நாளுக்குள் டாங் இறந்தது. சிறிய கோமாளி மீனும் இறந்தது.

அது கிரிப்டோகாரியான் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து தின்று, மூன்று முதல் ஏழு நாளில் உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிவந்து மீண்டும் மீனைத் தேடும். புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்தது என்று மகிழ்கிறோமே, அது கீழே கூட்டில் பெருகும் நேரம். செவுளில் மட்டும் ஒளிந்திருந்தால் புள்ளியே தெரியாது. கடையில் நன்றாக நீந்திய மீனை நம்பியது என் அறியாமை.

அப்பா என்னைத் திட்டவில்லை. எஞ்சிய மீனை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினார். அதில் மணலும் இல்லை, கல்லும் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய், காற்றுக் குமிழி, சூடேற்றி, அவ்வளவுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கடல்நீர் நிரப்பிய இன்னொரு தொட்டிக்கு மாற்றினோம். உதிர்ந்த ஒட்டுண்ணி கூட்டிலிருந்து வெளிவருவதற்குள் மீன் இடம் மாறிவிடும். பழைய தொட்டியைக் கழுவி முழுவதும் காயவைத்துவிடுவோம். நான்கு முறை மாற்றி முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. செம்பு மருந்தும் உண்டு. ஆனால் அது இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் ஊற்றக் கூடாது.

பெரிய தொட்டியோ 76 நாள் மீனின்றிக் கிடந்தது. கூடு பொரிக்க அதிகபட்சமாக 72 நாள்வரை ஆனதாக ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பற்றிக்கொள்ள மீன் கிடைக்காத குஞ்சு ஓரிரு நாளில் மடியும். இரண்டரை மாதம் அப்பா வெறும் கல்லையும் மணலையும் பார்த்தபடி பசியாறினார். எனக்கு அதுதான் தண்டனை.

ஒருநாள் அவரே பேச்செடுத்தார். “1937-ல என் பாட்டி கப்பல்ல வந்து இறங்கினப்போ, போர்ட் சுவெட்டன்ஹாம்ல நேரா தோட்டத்துக்கு அனுப்பல. முகாம்ல அடைச்சு வச்சு, அம்மை குத்தி, ஒரு வாரம் கழிச்சுத்தான் விட்டாங்க. மாட்டை அடைச்ச மாதிரின்னு சாகுற வரைக்கும் சொல்லுவாங்க” என்றார். சற்று நேரம் கழித்து, “மனுசங்கள மரியாதையில்லாம வச்சது தப்பு. காத்திருக்க வச்சது தப்பில்ல. நாம மீனை மரியாதையா காக்க வைப்போம்” என்றார்.

வெனிஸ் நகரத்தார் கப்பல்களை நிறுத்திவைத்த நாற்பது நாளிலிருந்துதான் ‘குவாரண்டைன்’ என்ற சொல்லே பிறந்தது. இப்போது எங்கள் வீட்டிலும் அதே கணக்கு. புதிய மீன் எதுவானாலும் நாற்பது நாள் தனித் தொட்டியில் இருக்கும். அதற்கென்று தனி வலை, தனி வாளி. கை நனைந்தால் கழுவித் துடைத்த பிறகே பெரிய தொட்டியைத் தொடுவோம். தனித் தொட்டியில் அமோனியா ஏறாமல் தினமும் சோதிப்பது என் வேலை.

சென்ற மாதம் ஒரு சிறிய கோமாளி மீன் அந்த நாற்பது நாளை முடித்தது. அப்பா கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “நீயே விடும்மா” என்றார். பழைய மீன் முதலில் துரத்தியது. மாலைக்குள் இரண்டும் ஒரே மூலையில் நின்றன. மறுநாள் காலை நானும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பசியாறினேன்.